ஓரத்தில் எழுதியவர்களைத் துடைத்த கதை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் வந்து சொல்லும்போது எனக்குப் புதிதாக இருக்காது. யூதர்களின் மறைஞான நூல் ஒன்று. அச்சுத் தொழில் தவழ்ந்து திரிந்த காலத்தில் இத்தாலியில் அச்சான பிரதி. அதன் பக்க ஓரங்களில், அதைப் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த குறிப்புகள். அவ்வளவையும் நான் ஒரு கிழமைக்குள் துடைத்துச் சுத்தமாக்கினேன். யாரும் கேட்கவில்லை. என் பாட்டில், அன்பளிப்பாகச் செய்தேன்.

புத்தகத்தில் அல்ல, அதை எடுத்த படங்களில். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மற்றவர்களுக்கு இருக்கவில்லை.

நான் ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்கிறேன். கல்யாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு. முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட வயது கூடிய வாடிக்கையாளர்களும் அப்படித்தான். அண்ணை படம் எடுப்பார். நான் விளக்குப் பிடிப்பேன். பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து முகம் கழுவுவேன். வேலையின் பெயரே அதுதான். கல்யாணப் பொம்பிளையின் கன்னத்துப் பரு போக வேண்டும். தாயின் கழுத்துச் சுருக்கம் போக வேண்டும். மணவறைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும், இரண்டு வீட்டாருக்கும் ஆகாத சித்தப்பா போக வேண்டும். அவர் நின்ற இடத்தில் ஒரு வாழை வர வேண்டும். மண்டபத்தில் பின்வரிசைக் கதிரைகள் வெறுமையாக இருந்தால், முன்வரிசையில் இருப்பவர்களை நகலெடுத்துப் பின்னால் இருத்த வேண்டும். ஒரே அன்ரி ஒரே கல்யாணத்தில் மூன்று வரிசைகளில் இருக்கும் அல்பங்கள் ஸ்காபரோவில் சில வீடுகளில் உண்டு. மூன்றிலும் அவர் வாயில் வடை இருக்கும். இதுவரை ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, அன்ரி உட்பட.

செத்தவீட்டு வேலை இன்னும் நுட்பமானது. ஆள் போனபிறகு, பிள்ளைகள் ஒரு லைசென்ஸ் படத்தைக் கொண்டு ஓடி வருவார்கள். அதில் அவர் களவு எடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டு இருப்பார். வாழ்க்கையில் ஒருநாளும் கோட் போடாத மனிதருக்கு நான் கோட் போட்டு, ரை கட்டி, தலையில் கொஞ்சம் மயிர் வளர்த்து, கண்ணீர் அஞ்சலிக்கு அனுப்புவேன். ரொறொன்ரோவில் நான் கோட் போட்டு அனுப்பிய ஆட்கள் நிறைய. கடைசிப் படத்தில் ஒரு மனிதர் நல்லாக இருக்க வேண்டும் என்பது எனக்கு மதம் மாதிரி.

கடைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கழுவின முகம் அல்பத்துக்குப் போனவுடன், கழுவாத முகத்தை அழித்துவிட வேண்டும். கமராவின் மெமறிக் காட்டில் இருந்தும் அழிக்க வேண்டும், கொம்பியூட்டரில் இருந்தும் அழிக்க வேண்டும். "ஒறிஜினல் வெளியில போச்செண்டால் சம்பந்தமே குழம்பும், தம்பி," என்பார் அண்ணை. எங்களிடம் ஆட்கள் வருவதே இந்த உத்தரவாதத்துக்காகத்தான். ஊரில் எத்தனையோ பேருடைய உண்மையான மூக்கு எப்படி இருந்தது என்பதற்கு இப்போது எந்தச் சாட்சியும் இல்லை.

இப்படிப்பட்ட கையில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

பத்தர்ஸ்ட் வீதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர் எங்கட ஆள்; அவர் மகளின் கல்யாணப் படம் நாங்கள் எடுத்ததுதான். அவர் அண்ணையைக் கூப்பிட்டு, மேல் மாடியில் இருக்கும் ஒரு யூதப் பெரியவரின் பழைய புத்தகத்தைப் படம் எடுக்க வேண்டும், பெரியவர் அதை வீட்டை விட்டு வெளியில் விடமாட்டாராம், ஆள்தான் போக வேண்டும் என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "புத்தகம் சிரிக்கவும் மாட்டுது, கண்ணை மூடவும் மாட்டுது. அதுக்கு நான் என்னத்துக்கு? நீ போ."

அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் முன்பு ஸ்பதைனா வீதியில் தொப்பி செய்து விற்றவர். தொண்ணூறை நெருங்கினாலும் காற்சட்டைக்குத் தோள்வார் போட்டு நிமிர்ந்து நின்றார். மற்றவர் ஒரு பேராசிரியை. ஐம்பது வயது இருக்கும். சைக்கிளில் வந்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, அதோடேயே புத்தகத்தின் மேல் குனிந்து நின்றார். இருவரும் என்னோடு பேசியது ஆங்கிலம்தான். நான் அதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன். அவர்களுடைய தொனிக்கு அதுதான் கிட்ட வருகிறது.

"கேளும்," என்றார் பெரியவர். "இதை நிலத்தில வைக்காதையும். இதுக்கு மேல வேற ஒண்டும் வைக்காதையும். கவிழ்த்து வைக்காதையும். விழுத்தினால் எடுத்துக் கொஞ்ச வேணும்."

எனக்கு இது விளங்காத விஷயம் அல்ல. காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் வீட்டில் வளர்ந்தவன் நான். "எங்கட வீட்டிலயும் உதே முறைதான், ஐயா," என்றேன்.

"அப்ப நல்லாப் போச்சு. சிகரெட் பத்துவீரோ?"

"இல்லை."

"அப்ப இன்னும் நல்லாப் போச்சு."

மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. முன்பக்கங்கள் இல்லை. புழு துளைத்த ஓட்டைகள். மூலைகளில் பூஞ்சணம். நடுவில் அச்செழுத்து, சுற்றிவர ஓரம் முழுவதும், தலைகீழாகவும் சரிவாகவும், சின்னச் சின்னக் கிறுக்கல்கள். சில இடங்களில் யாரோ மையை ஊற்றி வரிவரியாகக் கறுப்பாக்கியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், பேனையைச் சரிபார்த்தது போல ஒரு கோணல் கையெழுத்து. எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், முகம் முழுக்கப் பரு.

"இதை ஏன் இப்ப படம் எடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"புதைக்கப் போறன்," என்றார் பெரியவர்.

நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். கடவுளின் பெயர் உள்ள புத்தகம் பாவனைக்கு உதவாமல் போனால், அதைக் குப்பையில் போடுவதில்லை, எரிப்பதும் இல்லை. பழசானவற்றைத் தொழுகைக்கூடத்தில் பெட்டிகளில் சேர்ப்பார்கள். பெட்டிகள் நிறைந்ததும் சுடலைக்குக் கொண்டுபோய், மனிதரைப் புதைப்பது போலவே புதைப்பார்கள். அன்றிலிருந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு புதைப்பு இருந்தது. அதில் தன் புத்தகமும் போக வேண்டும் என்று பெரியவர் முடிவெடுத்திருந்தார். நூலகத்துக்குக் கொடுங்கள் என்று பேராசிரியை கெஞ்சிப் பார்த்திருக்கிறார்.

"நூலகத்தில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பினம்," என்றார் பெரியவர். "எங்கட ஆக்களில பிரேதத்தைக் கூட அப்பிடிக் காட்சிக்கு வைக்கிறேல்லை. எனக்கு இப்ப கண்ணுக்கு எழுத்துத் தெரியேல்லை. வாசிக்க ஆள் இல்லாத புத்தகம் செத்த புத்தகம். மரியாதையாப் போகட்டும். ஒருக்காப் படம் எடுங்கோ எண்டு விட்டனான். ஒருக்காத்தான்."

பேராசிரியை எனக்கு ஒரே ஓர் உத்தரவு தந்தார். "முழுப் பக்கமும் வேணும். ஓரம் ஒரு மயிரிழைகூட வெட்டுப்படக் கூடாது. ஓரம்தான் முக்கியம்."

ஓரம் வெட்டுப்படவில்லை. இதை நான் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பெரியவர் பக்கம் புரட்ட, நான் பின்னேரம் வரை ஒரு பக்கம் விடாமல் எடுத்தேன். இடையிடையே அவர் ரீ தந்தார். ரீ கோப்பையை நான் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். பேராசிரியை ஹெல்மெட்டோடு குனிந்து ஒவ்வொரு ஓரத்தையும் படிக்கப் பார்த்தார். ஒரு வரி முடிவதற்குள் பெரியவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். "படத்தில பாருங்கோ," என்பார். மறுநாள் பேராசிரியை ஒரு மாநாட்டுக்கு வெளியூர் போனார். திரும்பி வந்து படங்களை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

கடையில் வந்து படங்களைத் திறந்தபோது எனக்கு மனது கேட்கவில்லை. புதைக்கப் போகிற புத்தகம். இதுதான் அதன் கடைசிப் படம். இந்தக் கோலத்திலா அனுப்புவது? லைசென்ஸ் படத்தில் முழித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு எல்லாம் கோட் போட்டுவிட்டவன், இதை இப்படியே விட்டால் என் கைத்தொழிலுக்கு என்ன மரியாதை?

முதலில் பூஞ்சணத்தை எடுத்தேன். பிறகு புழு ஓட்டைகளை அடைத்தேன். பிறகு ஓரத்துக் கிறுக்கல்கள். அவை லேசில் போகவில்லை. ஒன்றை எடுத்தால் கீழே இன்னொன்று இருந்தது. மனிதர்கள் வெறி பிடித்து எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக் கோணல் கையெழுத்தையும் எடுத்தேன். மை ஊற்றிய வரிகள்தான் கஷ்டம். துடைத்தால் வெறும் இடம் வந்து விழுந்தது. அதற்கு எங்களிடம் வழி இருந்தது. பின்வரிசைக் கதிரைகளை நிரப்பும் அதே வழி. மேலே இருந்த வடிவான வரிகளை நகலெடுத்துக் கறுப்பு இருந்த இடங்களில் இருத்தினேன். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாததால் மனச்சாட்சியும் தொந்தரவு செய்யவில்லை.

கடைக்குச் சோறு கொண்டுவந்த மனைவி நான் செய்கிற வேலையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரின்ட சாமிப் புத்தகத்தையும் விட்டுவைக்க மாட்டியளோ?" என்று கேட்டாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அண்ணைக்கும் வேலை பிடித்துவிட்டது. "சும்மா படமாக் குடுத்தால் வடிவில்லை," என்றார். மெத்தை வைத்த வெள்ளை அட்டை, அட்டையில் தங்க நிறத்தில் இரண்டு அன்னங்கள், உள்ளே தடித்த மினுங்கல் தாள். கல்யாண அல்பம் மாதிரியே அடித்து முடித்தோம். பிறகு சட்டப்படி ஒறிஜினல்களை அழித்தோம். கமராக் காட் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போனது.

புதன்கிழமை பேராசிரியை கடைக்கு வந்தார். அண்ணை அவரை மாப்பிளை வீட்டாரை இருத்தும் சோபாவில் இருத்தி, பக்கத்துக் கடையில் சூடாக றோல்ஸ் வாங்கி வைத்து, அல்பத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு இரண்டாவது. பிறகு நடுவில் எங்கோ. பிறகு கடைசிப் பக்கம். பிறகு மறுபடி முதல் பக்கம்.

"எங்க?" என்றார்.

"என்ன எங்க?" என்றேன்.

"எழுத்து. ஓரத்தில இருந்த எழுத்து."

"ஓ, உந்த அழுக்கோ? எல்லாம் எடுத்திட்டன். ஒரு சதமும் கூட இல்லை, அன்பளிப்பு."

அண்ணை பெருமையோடு தலையாட்டினார். "தம்பி ஒரு கிழமையா இருந்து கழுவினவர்."

பேராசிரியை அல்பத்தை மூடி மடியில் வைத்தார். கல்யாண அல்பத்தைப் பார்த்து அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன். இது அந்த வகை அல்ல என்று எனக்கு மெல்லப் பட்டது.

"கழுவாதது கிடக்குத்தானே?" என்றார் கடைசியில்.

அண்ணை அவரைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "பயப்பிடாதையுங்கோ. எல்லாத்தையும் அழிச்சாச்சு. ஒண்டும் வெளியில போகாது."

பேராசிரியை எழுந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "உங்களிட்டக் கார் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய சைக்கிளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பத்தர்ஸ்டுக்குப் போனோம். நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். நகராத காரில் எனக்குத் தப்ப வழியில்லை. அவர் எல்லாவற்றையும் விளக்கினார். அந்தக் காலத்தில் மறைஞான நூல்களை அச்சிடலாமா என்பதே பெரிய சண்டையாம். இரகசியத்தை எல்லோர் கையிலும் கொடுப்பதா என்று சிலர் கொதித்தார்கள். அச்சான பிறகு, படித்தவர்கள் தங்களிடம் இருந்த கையெழுத்துப் படிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பிழைகளை ஓரத்தில் திருத்தினார்கள். ஆசான் சொன்ன விளக்கத்தை மாணவர்கள் தங்கள் தங்கள் பிரதியில் எழுதிக்கொண்டார்கள். புத்தகம் கைமாறும், புதுக் கை பழைய கையோடு வாதாடும்.

"அதில ஒருத்தன் என்ட ஆள்," என்றார். "பெயர் தெரியாது. எழுத்தைக் கண்டால் தெரியும். வேற நூலகங்களில இருக்கிற பிரதியளில அவனைக் கண்டிருக்கிறன். அங்கயெல்லாம் பிழை திருத்துறான், அவ்வளவுதான். வாய் திறக்க மாட்டான். இந்தப் பிரதியிலதான் இன்னொருத்தன் அவனைத் திட்டி எழுதியிருக்கிறான். இவன் அதுக்குப் பதில் எழுதியிருக்கிறான். அவன் கதைச்சது இந்தப் புத்தகத்தில மட்டும்தான். அண்டைக்கு ஒரு பக்கம்தான் எனக்கு வாசிக்கக் கிடைச்சது."

"கறுப்பு மை?"

"அது கத்தோலிக்கச் சபையின்ட தணிக்கை ஆள். சபைக்குப் பிடிக்காத வரியளுக்கு மை பூசிப்போட்டு, கடைசிப் பக்கத்தில கையெழுத்து வைப்பினம். மை காலம் போகப் போக மங்கும். கீழ இருக்கிற எழுத்து மெல்லத் தெரியத் தொடங்கும். அதையும் வாசிக்கலாம் எண்டு இருந்தன்."

நான் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். தணிக்கைக்காரரின் கையெழுத்தையும் சேர்த்து அழித்த முதல் தணிக்கைக்காரன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்த ஆளின்ட மையாவது மங்கிச்சு," என்றார் பேராசிரியை.

பெரியவர் கதவைத் திறந்து எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். "ஆர் செத்தது?" என்றார்.

பேராசிரியை நடந்ததைச் சொன்னார். என்னைக் காப்பாற்றும் விதமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இன்னொரு முறை படம் எடுக்க விடும்படி கேட்டார்.

"ஒருக்கா எண்டு சொன்னன்."

"தெரியும்."

"ஒருக்கா எண்டால் ஒருக்கா. ஒரு மனுசனை எத்தினை தரம் மேசையில தூக்கிக் கிடத்துறது? அதைத் துணியால சுத்திக் கட்டியாச்சு. விடுங்கோ." இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீர் செய்ததைக் காட்டும்."

அல்பத்தைக் கொடுத்தேன். அவர் அன்னங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். படங்களைப் பெரிதாக்கி அடித்திருந்தோம். தாளும் பளிச்சென்று இருந்தது. அவருக்கு எழுத்துத் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை தலை தூக்கியது. என் அல்பத்தை அவருக்குப் பிடித்துவிடும், எல்லாம் சரிவந்துவிடும் என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

ஓர் இடத்தில் நின்றார். ஒரு வரியை உரத்து வாசித்தார். அடுத்த வரியையும் வாசித்தார். அதே வரி. அதற்கடுத்ததும் அதே வரி.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான், ஐயா. எழுதேல்லை. மேல இருந்த வரியை எடுத்துக் கறுப்புக் கிடந்த இடத்தில போட்டனான்."

"மூண்டு தரமோ?"

"இடம் அவ்வளவு கிடந்தது."

பெரியவர் பேராசிரியையைப் பார்த்தார். "மூண்டு தரம் சொன்னால் அதுக்கு ஒரு இரகசிய அர்த்தம் இருக்க வேணும் எண்டு ஆரும் ஒருத்தன் புத்தகம் எழுதியிருப்பான். நல்ல காலம், இவர் இப்ப பிறந்தவர்."

பேராசிரியையின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அன்று அவர் சிரிப்புக்குக் கிட்ட வந்தது அதுதான்.

இன்னும் சில பக்கங்கள் புரண்டன. வரவரப் பெரியவர் எழுத்தைப் படிப்பதை விட்டு ஓரங்களைப் பார்க்கத் தொடங்கினார். விரலை வெள்ளை ஓரத்தில் வைத்துத் தடவினார். அடுத்த பக்கத்திலும் தடவினார்.

"இந்தப் பக்கத்தில கீழ ஒருத்தன் இருப்பான்," என்றார். "கோவக்காரன்."

"அவனை உங்களுக்குத் தெரியுமோ?" என்று பேராசிரியை சட்டென்று நிமிர்ந்தார்.

"தெரியாமல்? கண் தெரிஞ்ச காலம் முழுக்க அவனோடதானே வாசிச்சனான். ஆர் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். மேல திருத்தி எழுதினவனைப் பார்த்து, உனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே தெரியாது எண்டு எழுதியிருப்பான். என்ட தகப்பன் அந்த இடம் வந்தால் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்."

"மேல எழுதினவன்தான் என்ட ஆள். அவன் அதுக்கு என்ன பதில் சொன்னவன்?"

பெரியவர் யோசித்தார். கூரையைப் பார்த்தார். "ஏதோ சொன்னவன். தன்ர ஆசான் அப்பிடித்தான் வாசிச்சவர் எண்டோ... இல்லை. ஆசானும் பிழை விட்டிருக்கலாம் எண்டு..."

"எது? ஆசான் சரியெண்டா, ஆசானும் பிழை விடலாம் எண்டா?" பேராசிரியையின் குரல் உயர்ந்துவிட்டது. "இரண்டும் ஒண்டில்லை. அந்தக் காலத்தில ஒரு மாணவன் ஆசான் பிழை விட்டார் எண்டு எழுதினால், அது..."

"கத்தாதையுங்கோ. எனக்குக் கண்தான் போனது, காது இருக்கு."

பெரியவர் எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிய பொதியோடு வந்து, மேசையில் வைத்து, முடிச்சை அவிழ்த்தார்.

இருவரும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்கள். எழுத்து மங்கியிருந்தது. நான் என் ஃபோனின் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தேன். விளக்குப் பிடிப்பதுதான் என் உண்மையான தொழில் என்று அப்போது மீண்டும் உறுதியானது. பேராசிரியை ஒரு சொல்லை வாசித்தார். பெரியவர் அது அந்தச் சொல் இல்லை என்றார். பேராசிரியை பூதக்கண்ணாடியைப் பறித்தார். பெரியவர், என் தகப்பன் இந்தப் புத்தகத்தை எனக்கு முன்னால் வாசித்தவர், உங்களுக்கு முன்னாலும் வாசித்தவர் என்றார். பேராசிரியை, உங்கள் தகப்பனும் பிழை விட்டிருக்கலாம் என்றார்.

குசினியில் கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

"நாசமாப் போச்சு," என்றார் பெரியவர். "அதைத்தான் இவன் எழுதியிருக்கிறான். பிழை விட்டிருக்கலாம் எண்டுதான்."

பேராசிரியை கதிரையில் பொத்தென்று இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை அவர் காரிலும் கழற்றவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பாதுகாப்புக்காக இருக்கலாம். நான் ஓட்டுகிற காரில் ஏறியவர்.

அடுத்த பக்கத்தை யார் புரட்டினார்கள் என்று சொல்ல முடியாது. பேராசிரியைக்கு எழுத்து வடிவங்கள் தெரியும். பெரியவருக்கு எந்த இடத்தில் யார் என்ன சொல்லுவான் என்பது தெரியும். கோவக்காரன் ஒரு கட்டத்தில் அச்சிட்டவனையே திட்டத் தொடங்கியிருந்தான். பேராசிரியை தன் ஆளுக்காகக் கட்சி கட்டினார். பெரியவருக்கோ, இத்தனை வருடப் பழக்கத்தில், கோவக்காரன்மேல் பட்சம். என் கை உளைந்தது. "ஆட்டாதையும்," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

பின்னேரம் ஆனபோது பெரியவர் தொலைபேசியை எடுத்துத் தொழுகைக்கூடத்தில் யாரையோ கூப்பிட்டார். அவர்களுடைய பாஷையும் ஆங்கிலமும் கலந்து பேசியதில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வைத்துவிட்டுப் பேராசிரியையிடம் சொன்னார்: "பாவனையில இருக்கிற புத்தகத்தைப் புதைக்க ஏலாது. முறை இல்லை. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் வாங்கோ. வரேக்க சாப்பிட்டிட்டு வாங்கோ, சமைக்கிறதுக்கு எனக்கு நேரம் இல்லை."

பேராசிரியை தலையை ஆட்டினார். பிறகு முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார்.

நிலைமை சரிவந்துவிட்டது என்று கண்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. "அப்ப ஐயா, இந்த அல்பத்தை நீங்களே வைச்சிருங்கோ. எழுத்துப் பெரிசு. சும்மா இருக்கேக்க பார்க்கலாம்," என்றேன்.

பெரியவர் அல்பத்தை மறுபடி கையில் எடுத்தார். ஒரு பக்கம் திறந்து பார்த்தார். மூடினார்.

"இதுக்குள்ள ஒருத்தரும் இல்லை," என்றார்.

"அப்ப நான் கொண்டுபோய் எறிஞ்சு விடுறன்."

"எறியவோ?" அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பக்கத்துக்குப் பக்கம் கடவுளின்ட பெயர் கிடக்கு. ஒரு பக்கத்தில நீர் மூண்டு தரம் போட்டிருக்கிறீர். இதை எறிய ஏலாது. ஞாயிற்றுக்கிழமை வாரும். பெட்டியில ஒரு இடம் காலியா இருக்கு."

மறுநாள் அண்ணையிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "அல்பத்தைப் புதைக்கிறதோ? பிடிக்கேல்லை எண்டால் திருப்பி அடிச்சுக் குடுக்கலாமே," என்றார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டு எனக்கு லீவு தந்தார். செத்தவீட்டுக்கு லீவு கேட்டு அண்ணை மறுத்தது இல்லை.

சுடலையில் காற்றுக் கடுமையாக இருந்தது. கறுப்புக் கோட் போட்ட ஒரு பத்துப் பேர் நின்றார்கள். நானும் எங்கள் வழக்கப்படி வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, தலைக்கு யாரோ தந்த சின்னத் தொப்பியோடு நின்றேன். தொப்பி காற்றில் இரண்டு தரம் பறந்தது. பெரியவர் தொழில் தெரிந்தவர். பறந்தபோதெல்லாம் அதைத் தலையில் எந்தக் கோணத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார். பேராசிரியை வரவில்லை. அவர் பெரியவரின் வீட்டில், புத்தகத்தோடு இருந்தார். வீட்டுத் திறப்பைச் சூப்பரிடம் கொடுத்து ஒழுங்கு செய்துவிட்டுத்தான் பெரியவர் வந்திருந்தார்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பிய்ந்த செபப் புத்தகங்கள், அட்டை போன பாடப் புத்தகங்கள். கடைசிப் பெட்டியில், மேலாக, என்னுடைய வெள்ளை அல்பம். மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் வரிசையாக மண்வெட்டி எடுத்து மண் போட்டார்கள். மண்வெட்டியைக் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்தி வைத்துவிட்டு விலக, அடுத்தவர் எடுத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. எங்கள் ஆட்கள் ரொறொன்ரோவில் ஒருவரை இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. இரங்கல் உரை என்று தொடங்கினால் பின்னால் நிற்கும் ஆள் மைக்கைப் பறிக்கும் வரை போகும். காரில் வரும்போதே நானும் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். கழுவியவன் என்ற முறையில் சொல்லச் சில விஷயங்கள் இருந்தன. கோவக்காரனிடம் மன்னிப்புக் கேட்பதாக ஓர் இடமும் அதில் வந்தது. தொண்டையைச் செருமினேன். மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா, நான் ரெண்டு வார்த்தை பேசட்டோ?"

"மண்ணைப் போடும்."